சத்தம் திரும்பி வரும் வழி

கட்டுகஸ்தோட்டை,
22.08.2006

ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். தொழில் விஷயம் என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் கொழும்பில் சொல்லிவைத்துவிட்டுப் போன டிஜிட்டல் மிக்ஸர் வந்துவிட்டது. முஹைதீன் நானா கீழே கடையைப் பாதி சாத்திவிட்டு வந்து, லொறிக்காரரோடு சேர்ந்து நம் ஒலிப்பதிவு அறைவரை தூக்கித் தந்தார். பழையதை நிலத்தில் இறக்கிவிட்டு இதை மேசையில் வைத்தேன். மேசை போதவில்லை. ஒரு மூலை ஜன்னல் கட்டையில் நிற்கிறது.

கறண்ட் கொடுத்ததும் ஒன்று நடந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்கள் எல்லாம், யாரும் தொடாமலே, வரிசையாக மேலே போய் வரிசையாகக் கீழே வந்தன. கண்ணுக்குத் தெரியாத யாரோ பக்கத்தில் நின்று கையால் தடவிவிட்டுப் போனதுபோல் இருந்தது. நான் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். வெளியே ஆற்றின்மேல் பனி இறங்கியிருந்தது. பாலத்தில் போன பஸ்களின் சத்தம் மட்டும் கேட்டது, பஸ்ஸைக் காணவில்லை.

இனி விஷயம். கண் தெரியாத பிள்ளைகளுக்கான கதை ஒலித்தட்டுகளை மார்கழிக்குள் முடித்துத் தருவதாக நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்கள். கதை வாசிக்கிற றலியாவின் குரலை உங்களுக்குத் தெரியும். அரக்கன் வந்தால் கூரை பறக்கும். இளவரசி வந்தால் மூச்சுக்கூடக் கேட்காது. அதைச் சமன்படுத்த உங்கள் பழைய கொம்ப்ரசர் பெட்டி வேண்டும். மிக்ஸருக்குள்ளேயும் அப்படி ஒன்று இருக்கிறது, போட்டுப் பார்த்தேன். குரல் தகரத்தில் தட்டியதுபோல் கேட்கிறது. முன்பு பதிந்த கதைகளோடு சேரவில்லை.

பழைய மிக்ஸரில் ஒவ்வொரு மைக்கின் சனலுக்கும் பின்னால் இன்சேர்ட் என்று ஒரு துளை இருந்தது. அதில் வயரைக் குத்தினால் குரல் வெளியே பெட்டிக்குப் போய், திருந்தி, அதே வழியால் திரும்பி வரும். இதில் அந்தத் துளையே இல்லை. பெட்டியை எங்கே கொழுவுவது?

இவ்வளவுதான் கேட்க இருந்தது. யாழ்ப்பாணப் பாதையை மூடிவிட்டார்கள் என்று செய்தியில் கேட்டேன். நீங்கள் புறப்பட்ட காலை "போனா அங்கேயே இருந்துக்கங்க" என்று நான் சொன்னது உண்மை. பாதை மூடும் என்று தெரிந்து சொல்லவில்லை.

சிவமணி


கோண்டாவில்,
17.09.2006

அன்புள்ள சிவமணிக்கு,

உம்முடைய கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. கப்பலில் வந்திருக்கவேண்டும். உறை நனைந்து காய்ந்து, அப்பளம்போல் மொறுமொறுத்திருந்தது. கைத்தொலைபேசி இங்கே வேலைசெய்வதில்லை. ஆகையால் இப்படித்தான்.

கேட்டதற்கு முதலில் பதில்.

துளை இல்லாதது குறை அல்ல. இந்த மிக்ஸர் ஒவ்வொரு சனலுக்கும் தனி வாசல் வைக்காமல் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சில வாசல்களை வைத்திருக்கிறது. எந்தக் குரல் எதனால் வெளியே போய் எதனால் உள்ளே வரவேண்டும் என்பதை நீர் திரையில் சொல்லவேண்டும். முதலில் வயர்களைக் கொழுவும். மிக்ஸரின் பின்பக்கம் வெளிவாசல் மூன்றிலிருந்து கொம்ப்ரசரின் உள்வாசலுக்கு ஒரு வயர். கொம்ப்ரசரின் வெளிவாசலிலிருந்து மிக்ஸரின் உள்வாசல் ஒன்பதுக்கு இன்னொரு வயர். பிறகு றலியாவின் மைக் இருக்கும் சனலைத் தெரிவுசெய்து, திரையில் இன்சேர்ட் பக்கத்தைத் திறவும். போகும் வழிக்கு மூன்று. வரும் வழிக்கு ஒன்பது. குரலை எந்த இடத்தில் வெட்டி வெளியே அனுப்ப என்றும் கேட்கும். ஃபேடருக்கு முன்னால் என்று கொடும். பின்னால் கொடுத்தால் நீர் ஃபேடரை இறக்கும்போதெல்லாம் பெட்டிக்குப் போகும் சத்தமும் இறங்கிவிடும். எல்லாம் செய்த பிறகு, கடைசியாக, இன்சேர்ட்டை ஒன் பண்ணும்.

தங்கச்சி மங்களேஸ்வரியின் கலியாணம் நடந்தது. ஊரடங்கை எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் தாலி கட்டிச் சாப்பிட்டு முடிக்கவேண்டியிருந்தது. மேளகாரர் வரவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சைக்கிளில் வந்தார்கள். கெட்டிமேளம் கொட்டவேண்டிய நேரத்தில் யாரோ ஒரு பெரியவர் தாம்பாளத்தில் கையால் தட்டினார்.

இங்கே சத்தமே இல்லை, சிவமணி. பெற்றோல் இல்லாததால் வாகனம் இல்லை. பற்றறி இல்லாததால் வானொலி இல்லை. பகலில் படுத்துக் கிடந்தால் நாலு வீடு தள்ளிக் கிணற்றில் வாளி விழுவது கேட்கிறது. நேற்று மத்தியானம் கண்ணயர்ந்தபோது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நடக்கிறேன். நடக்க நடக்க மறுகரை வரவில்லை. கீழே தண்ணீர் ஓடுகிறது, அதற்கும் சத்தம் இல்லை.

அங்கேயே இருக்கச் சொன்னீர். இருக்கிறேன்.

ஸ்ரீ


கட்டுகஸ்தோட்டை,
14.10.2006

ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். மூன்று, ஒன்பது, ஃபேடருக்கு முன்னால், கடைசியில் ஒன். ஒன் பண்ணியதும் குரல் போய்விட்டது.

குறைந்தது என்று எழுதவில்லை. போய்விட்டது. றலியா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாயசைத்துக்கொண்டிருக்கிறாள். என் ஹெட்போனில் ஒன்றுமே இல்லை. இன்சேர்ட்டை ஓஃப் பண்ணினால் அரக்கன் பாதி வசனத்தில் வந்து குதிக்கிறான். மறுபடி ஒன் பண்ணினால் மறைகிறான். நான் கை காட்டி நிறுத்தியதும் அவள் வெளியே வந்து மிக்ஸரைக் குனிந்து பார்த்தாள்.

"என்ட குரல எங்க அனுப்பினீங்க சிவமணி? இந்த மெசின்ட வகுத்துக்குள்ளயா ஈக்குது?"

"வெளிய போயிருக்கு. திரும்பி வரல்ல" என்றேன்.

"அல்லாவே, நோன்புப் பெருநாளுக்கு முன்னுக்கு வந்தா சரி. ஊட்டுல புள்ளயள ஏச அது வேணும்" என்றாள். இரண்டு பேரும் நெடுநேரம் சிரித்தோம். நீங்கள் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

அவள் போன பிறகும் நான் இன்சேர்ட்டை ஒன் பண்ணி வைத்துக்கொண்டு இருந்தேன். குரல் எங்கேயோ அலைந்துகொண்டிருப்பதுபோல் ஒரு நினைப்பு. மழைக்கு முந்திய வெளிச்சம் அறைக்குள் மஞ்சளாக நின்றது. சுவரில் ஒட்டிய மெத்தைகள்கூட எதற்கோ காதுகொடுத்துக் கேட்பதுபோல் இருந்தன.

வீட்டுப் பதிவுக்குப் பொலிஸிலிருந்து வந்தார்கள். "மாத்தயா கோ?", ஐயா எங்கே என்று கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்றேன். ஏன் போனார் என்றார்கள். தங்கையின் கலியாணம் என்றேன். நீ ஏன் போகவில்லை என்றார் அவர்களில் ஒருவர். இளைஞர்தான், மரியாதையாகத்தான் கேட்டார். 

என்ன பதில் சொல்லியிருக்கவேண்டும்? கலியாண அழைப்பு அட்டையில் உங்கள் அண்ணனின் பெயருக்குப் பக்கத்தில் அண்ணியின் பெயர் இருந்தது. உங்கள் பெயருக்குப் பக்கத்தில் கண்டி என்று ஊர்ப்பெயர் இருந்தது. நாம் பதிவுத்திருமணம் செய்து நாலு வருடம் ஆகிறது. மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள் பெற்ற பிள்ளை என்றால் அட்டையில் அச்சு விழாதா? அதை என்னிடம் காட்டாமல் மறைத்திருந்தாலாவது பரவாயில்லை. மேசையில் வைத்துவிட்டு, "ஒரு அட்டைதானே" என்றீர்கள்.

குரல் ஏன் திரும்பவில்லை என்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சிவமணி


கோண்டாவில்,
12.11.2006

அன்புள்ள சிவமணிக்கு,

இன்சேர்ட்டை ஒன் பண்ணிய கணத்திலிருந்து மிக்ஸர் நேராக வரும் குரலை எடுக்காது. வெளியே போய்த் திரும்புவதை மட்டும்தான் எடுக்கும். திரும்பி ஒன்றும் வராவிட்டால் சனல் மௌனம்தான். ஆகவே மிக்ஸர் சொன்னதைச் செய்கிறது. வழியில் எங்கேயோ அடைப்பு.

அடைப்பைக் கண்டுபிடிக்கக் கொம்ப்ரசர் பெட்டியை முழுதாக விலக்கிவிடும். வெளிவாசல் மூன்றிலிருந்து உள்வாசல் ஒன்பதுக்கு ஒரே வயரை நேராகக் கொழுவி, இன்சேர்ட்டை ஒன் பண்ணிப் பாரும். குரல் வந்தால் திரையில் நீர் எழுதியதெல்லாம் சரி, பிழை பெட்டிப்பக்கம். வராவிட்டால் பிழை திரையில்.

இன்னொன்றையும் எழுதவேண்டும்.

அம்மாவின் கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. நான் வரும்போதே எழுத்து வாசிக்க முடியாத நிலை. யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் வாசிக்கச் சொல்லிக் கேட்பது அவவின் வழக்கம். உம்முடைய முதல் கடிதம் வந்தபோது ஊரடங்கு. வெளியே போக இடமில்லை. முன்விறாந்தையில் நான், அம்மா, மங்களேஸ்வரி. "என்னவாம் எழுதியிருக்கு?" என்றா. மிக்ஸர் பற்றி என்றேன். "வாசி, கேப்பம்" என்றா. ஃபேடர்கள் தாமாக ஏறி இறங்கியதை வாசித்தேன். 

அதற்குப் பிறகு, நம்புவீரோ தெரியாது, கப்பல் வந்ததாம் என்று யாராவது சொன்னால் அம்மா தலையை நிமிர்த்துகிறா. இரண்டாம் கடிதம் வந்த அன்று நான் வாசலில் செருப்பைக் கழற்றுமுன் கேட்டா:

"அந்தப் பிள்ளைக்குச் சத்தம் வந்திட்டுதோ?"

வரவில்லை அம்மா, உள்ளதும் போய்விட்டது என்றேன். நெற்றியில் கைவைத்துக்கொண்டு இருந்தா. றலியா பேசியதை வாசித்தபோது மங்களேஸ்வரி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும் சிரித்ததைக் கண்டேன்.

மிக்ஸர் பகுதிகளை மட்டும்தான் வாசித்தேன். அட்டை பற்றியதை விட்டுவிட்டேன். பொலிஸ் வந்த இடத்தில் நிறுத்தி ஒருமுறை மூச்சு விட்டேன்போல. அம்மா உடனே, "நீ மூச்சு விட்ட இடத்தில என்ன எழுதிக் கிடக்கு?" என்றா. ஒன்றுமில்லை என்றேன்.

ஸ்ரீ


கட்டுகஸ்தோட்டை,
05.12.2006

ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு இரண்டு நாள் அறையைத் திறக்கவில்லை. முஹைதீன் நானா கீழிருந்து, "தங்கச்சி, சொகமில்லயா?" என்று கூப்பிட்டார்.

நான் உங்களுக்கு எழுதினேன். உங்கள் வீட்டு விறாந்தைக்கு எழுதவில்லை. என்னை அட்டையில் போட மனமில்லாதவருக்குப் பொழுதுபோக நான் எழுதவேண்டுமா? அதிலும் என் பாதியை வாசித்து, என் பாதியை மடித்து வைத்திருக்கிறீர்கள். ஃபேடர் ஏறி இறங்கியதைச் சொல்ல ஒரு மருமகள் வேண்டியிருக்கிறது. அட்டை நோகிறது என்று சொல்கிறவள் வேண்டாம். வாசிப்பதென்றால் முழுதும் வாசியுங்கள். இல்லாவிட்டால் ஒரு வரியும் வாசிக்காதீர்கள். இந்தக் கடிதத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கோபம் கொஞ்சம் இறங்கிய பிறகு மூன்றாம் நாள் அறைக்குப் போனேன். வயரை மூன்றிலிருந்து ஒன்பதுக்கு நேராகக் கொழுவினேன். மைக்குக்கு முன்னால் முஹைதீன் நானாவின் கடை வானொலியை வைத்தேன். ஒன் பண்ணினேன். வந்தது! ஒரு சிங்களப் பாட்டு, தெளிவாக. ஆகவே பிழை பெட்டிப்பக்கம்.

பெட்டியை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துப் பார்த்தேன். அது அலுமாரி ஓரத்தில் ஒட்டி நின்றபடியால், முன்னால் நின்றுகொண்டு கையைப் பின்னே விட்டுத் தடவித்தான் வயர்களைக் குத்தியிருந்தேன். முன்னால் நிற்கிறவளுக்கு வலது, பெட்டிக்குப் பின்னால் இடது. உள்வாசலில் போகவேண்டியதை வெளிவாசலில் குத்தியிருக்கிறேன். குரல் போய்ப் போய்ப் பூட்டிய கதவில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

மாற்றிக் குத்தினேன். மைக்குக்கு முன்னால் நானே போய் உட்கார்ந்தேன். ஹெட்போனைப் போட்டுக்கொண்டு, என்ன பேசுவது என்று தெரியாமல், வெற்றிலை வாங்கப் போகும்போது அப்பா முணுமுணுக்கும் ஒரு பாட்டு வரியைச் சொன்னேன். என் குரல் என் காதுக்கு வந்தது. மெதுவாகச் சொன்னாலும் பக்கத்தில் நின்றது, உரக்கச் சொன்னாலும் பக்கத்தில்தான் நின்றது. நான் இவ்வளவு கிட்ட இருந்து என்னைக் கேட்டதில்லை. வெளியே மழை விட்டு, ஆறு கலங்கி, தேயிலைச்சாயம்போல் ஓடிக்கொண்டிருந்தது. பொழுது சாய்வதைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன்.

றலியா வந்து மூன்று கதைகளை முடித்துத் தந்தாள். ஒரு குறை மட்டும் நிற்கிறது. குரலுக்கு உள்ளே ஒரு பொந்து இருப்பதுபோல், குழாய்க்குள் நின்று பேசுவதுபோல் இருக்கிறது. கதைகளைக் கொடுக்குமுன் அதைத் தீர்க்கவேண்டும். அவசரத்துக்கு உதவும் என்று அதே மைக்கை இன்னொரு சனலிலும், இன்சேர்ட் இல்லாமல், திறந்து வைத்திருக்கிறேன். அது காரணமாக இருக்குமா?

சிவமணி


கோண்டாவில்,
03.01.2007

அன்புள்ள சிவமணிக்கு,

ஓம், அதுதான் காரணம். வெளியே போய் வரும் குரல் கண்ணிமைக்கும் நேரத்திலும் குறைவாகத்தான் பிந்துகிறது. ஆனாலும் பிந்துகிறது. போகாமல் நின்ற அதே குரல் பக்கத்துச் சனலில் இருந்தால், இரண்டும் ஒன்றோடொன்று மோதி நடுவில் பள்ளம் விழும். இன்சேர்ட் இல்லாத சனலை மூடிவிடும். ஒரு குரல் போதும். நீர் எனக்கு எழுதுமுன்பே அதை மூடிப் பார்த்திருப்பீர் என்று நினைக்கிறேன்.

கடிதத்தை முழுதாக வாசித்தேன். அம்மாவுக்கு முன்னால், மங்களேஸ்வரிக்கு முன்னால், ஒரு சொல் விடாமல். மத்தியானம். காகங்கூட இல்லாத வெயில். "பொழுதுபோக நான் எழுதவேண்டுமா" என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அம்மா, "வாசி" என்றா. வாசித்தேன். பிறகு மடித்து வைத்திருந்த மற்றக் கடிதத்தையும் எடுத்து, அட்டை பற்றியதை வாசித்தேன். கொழுந்து பறிக்கிறவள் பெற்ற பிள்ளை என்ற வரியையும்.

முடிந்ததும் அம்மா எழும்பிச் சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குள் போனா. இரண்டு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டா, தண்ணீர் வைத்தா. மங்களேஸ்வரிதான் அம்மாவோடு சண்டை பிடித்தாள். "என்ர கலியாண அட்டை. என்னை ஒருக்காக் கேட்டியளோ? அண்ணி வந்திருந்தா நான் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்திருப்பன்" என்றாள். 

நானும் அன்றைக்கு என் கையால் மேசையில் அட்டையை வைத்தபோது நீர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதை நினைத்துக்கொண்டிருந்தேன். உமக்கு என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. என் வாயாலேயே, சத்தமாக, இன்னொருவருக்கு வாசித்துக் காட்டியபோதுதான் அது எனக்குக் கேட்டது.

பிறகு ஒரு நாள் விடிய, நான் பல்விளக்கிக்கொண்டு நின்றபோது, அம்மா கிணற்றடிக்கு வந்தா. கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்யவேண்டும். இங்கே இப்போது வழியில்லை என்கிறார்கள். கண்டியில் செய்யலாம். நோயாளருக்கும் கூடப் போகிறவருக்கும் கப்பலில் இடம் கேட்கலாம் என்று கிராம அலுவலர் சொல்லியிருக்கிறார். அம்மா இதையெல்லாம் என்னிடம் சொல்லவில்லை. வாளியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பாராமல் சொன்னா:

"நான் வந்தா அவள் கதவு திறப்பாளோ எண்டு எழுதிக் கேள். திறக்கமாட்டன் எண்டாலும் பிழை இல்லை. அதையும் எனக்கு வாசி."

கேட்டுவிட்டேன். உம்முடைய வீடு. உம்முடைய சொல்.

ஸ்ரீ


கட்டுகஸ்தோட்டை,
29.01.2007

அன்புள்ள ஸ்ரீ,

இதை நீங்கள் முழுதும் வாசித்துக் காட்டலாம்.

அந்தச் சனலை மூடியதும் பொந்து போய்விட்டது. நீங்கள் நினைத்தபடி உங்கள் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. எட்டுக் கதைகளும் முடிந்து, தட்டுகளைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. றலியாவும் வந்தாள். பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்து கேட்டார்கள். கண் மூடியவர்களும் திறந்தவர்களும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்கள். இளவரசி ரகசியம் சொல்கிற இடத்தில் கடைசி வரிசைப் பிள்ளையும் சிரித்தாள். றலியா என் கையைக் கிள்ளி, "கேட்டிச்சா? கடசி வரிச வரைக்கும் போயிருக்கு" என்றாள்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு மடுல்கெல்லைக்குப் போனேன். பஸ் வளைந்து வளைந்து ஏறும்போது மலை முழுவதும் முகிலுக்குள் இருந்தது. கொழுந்துக் கூடைகள் மட்டும் வெள்ளைக்குள் மிதந்துபோயின. யாருடைய முதுகில் என்று தெரியவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும்தான். நீங்கள் வாசித்தால் நானும் வாசிப்பேன்.

அப்பா வெகுநேரம் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தார். "அவங்க வரட்டும் புள்ள. நல்லா பாத்துக்க. கண்ணு தெரியாதவங்க. நாங்க அந்தப் பக்கம் வரல, அவங்களுக்குச் சங்கடம்" என்றார்.

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னா: "என்னா சங்கடம்? நம்ம மக வூடு. கூப்பிட்டா வாறோம், சாப்பிட்டுட்டு பஸ் புடிச்சு வந்துர்றோம்."

அப்பா கறுப்பையா, ஐம்பது வருடம் தோட்டத்தில் வேலைசெய்தவர். ஒரு நாளும் யார் வீட்டிலும் பின்பக்கச் சந்து தவிர வேறு பக்கத்தால் நுழையச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. என் வீட்டுக்கு வரும்போதுகூட முன்வாசலில் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவார். நீங்களும் கவனித்திருப்பீர்கள்.

ஆகவே என் பதில் இது. மாமி வரட்டும். கதவு திறப்பேன். ஒப்பரேஷன் முடிந்து கண் ஆறும்வரை இருக்கட்டும், கட்டிலும் ஜன்னல்பக்க அறையும் அவவுக்கு. ஆனால் அவ வந்த பிறகு முதல் ஞாயிறு என் அப்பாவும் அம்மாவும் வருவார்கள். எல்லோரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்திலிருந்து போட்டுச் சாப்பிடவேண்டும். அவவுக்கு முதலில், அவர்களுக்குப் பிறகு என்று நான் பரிமாறமாட்டேன். கண் தெரியாது, பசியில்லை, விரதம் என்று ஒன்றும் சொல்லக்கூடாது.

இது முடியாது என்றால் கண்டியில் வேறு இடம் பார்த்துத் தருவேன், நல்ல இடமாக. ஒரு குறையும் வைக்கமாட்டேன். ஆனால் அது என் வீடாக இராது.

நீங்கள் எப்படியானாலும் வாருங்கள். மிக்ஸரின் மூலை இன்னும் ஜன்னல் கட்டையில்தான் நிற்கிறது. மேசையை நீட்டி ஒரு கால் அடிக்கவேண்டும்.

சிவமணி


கோண்டாவில்,
04.03.2007

அன்புள்ள சிவமணிக்கு,

இடம் கிடைத்துவிட்டது. அம்மாவுக்கும் எனக்கும். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலை, அங்கே சோதனை முடிந்ததும் பஸ். இந்தக் கடிதமும் நாங்களும் ஒரே கப்பலில் வரக்கூடும். எது முந்தி உம்மிடம் வரும் என்று தெரியாது. கடிதம் முந்தினால் நல்லது.

உம்முடைய பதிலை வாசித்த நாளைச் சொல்கிறேன். வழக்கமான இடம், வழக்கமான ஊரடங்கு. பிள்ளைகள் சிரித்ததை வாசித்தேன். "சத்தம் வந்திட்டுது" என்று அம்மா தனக்குத் தானே சொல்லிக்கொண்டா. முகிலுக்குள் கூடைகள் போனதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னா. வாசித்தேன். உம்முடைய அப்பா முன்வாசலில் நிற்பதை வாசித்தேன். நான் அதைக் கவனித்திருப்பேன் என்று எழுதியிருந்தீர். இல்லை, சிவமணி. நாலு வருடமும் நான்தான் அந்தக் கதவைத் திறந்து விட்டேன், கவனிக்கவில்லை.

பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. ஒரே மேசை, ஒரே நேரம், ஒரே பாத்திரம். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். விரதம் என்று சொல்லக்கூடாது என்பதையும்.

 மங்களேஸ்வரி என்னைப் பார்த்தாள், நான் கடிதத்தைப் பார்த்தேன். வெயில் விறாந்தைத் தூணைத் தாண்டி, அம்மாவின் காலடிக்கு வந்து, மடியில் ஏறியது. அவ அசையவில்லை. நித்திரையோ என்றுகூட நினைத்தேன். எனக்குள் ஒரு பக்கம் அம்மாவை விட்டுவிட்டுத் தனியே வர ஆயத்தமாகிவிட்டது. வருவதென்று அப்போதே முடிவெடுத்துவிட்டேன், அதை நீர் தெரிந்துகொள்ளவேண்டும்.

வெயில் போய், முற்றத்தில் நிழல் நிறைந்த பிறகு அம்மா கேட்டா:

"அவை உறைப்புக் கூடச் சாப்பிடுவினமோ?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. "ஆர் அம்மா?" என்றேன்.

"அவளின்ர தாய் தேப்பன்."

"சாப்பிடுவினம். நல்ல உறைப்பாய்ச் சாப்பிடுவினம்" என்றேன்.

"அப்ப அங்க கிடைக்கிற மிளகாய்த்தூள் சரிவராது" என்றா.

செத்தல் மிளகாய் இங்கே இப்போது பொன்மாதிரி. மங்களேஸ்வரி வீடு வீடாகப் போய்க் கைப்பிடி கைப்பிடியாக வாங்கிவந்தாள். இன்று காலையிலிருந்து அம்மாதான் அடுப்புக்கு முன்னால். கண் தெரியாவிட்டாலும் யாரையும் கிட்ட விடவில்லை. மல்லி வறுபட்டது போதும், சீரகத்தை இறக்கு என்று மணத்தை வைத்தே சொல்லிக்கொண்டிருந்தா. இப்போது இடித்து முடிந்தது. மங்களேஸ்வரி தூளை அரித்துக்கொண்டிருக்கிறாள். இந்த வரியை எழுத முடியாமல் கண் எரிகிறது. வீட்டில் எல்லோரும் தும்முகிறோம்.

ஸ்ரீ